இயற்கைத் தோட்டத்தைத் தனியாகத் தொடங்காதீர்கள், ஊரில் குழுவாகச் சேருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் பத்திரிகையில் வரும் வீட்டுத்தோட்டப் பகுதியை நான் விடாமல் படிக்கிறேன். எந்தக் கரைசலை எத்தனை மில்லி ஊற்ற வேண்டும், எந்தப் பையில் எந்தச் செடி வைக்கலாம் என்று பயனுள்ள செய்திகள் வருகின்றன, அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அதைப் படித்து ஆசையாகத் தொடங்கி, முதல் பெருமழையில் செடிகள் வாடியதும் பைகளை மொட்டைமாடி மூலையில் அடுக்கி வைத்துவிட்ட வீடுகள் எங்கள் பக்கத்தில் நிறைய. அவர்களுக்கு ஆசையும் குறைவில்லை, உழைப்பும் குறைவில்லை, செடி வாடும்போது கூப்பிட்டுக் காட்ட ஓர் ஆள் இல்லை, அவ்வளவுதான். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். நஞ்சில்லாத காய்கறி வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் ஊரில் ஒரு குழு இருந்தால் முதலில் அதில் சேருங்கள், இல்லையென்றால் நாலு வீட்டாரைக் கூட்டி ஒன்று தொடங்குங்கள், பையும் மண்ணும் அப்புறம் வாங்கலாம். கடிதம் கொஞ்சம் நீளும், ஆனாலும் முழுதாக வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

எனக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்கு மேற்கே வீடு. தென்னையும் ஒரு சக்கை (பலா) மரமும் நிற்கிற செம்மண் மேட்டில் சின்னப் புரையிடம், அதாவது வீட்டைச் சுற்றிய மனை. எங்கள் பகுதியில் இயற்கை முறையில் காய்கறி வளர்க்கிறவர்கள் சேர்ந்து ஒரு குழு நடத்துகிறோம். அதற்குப் பெயர்ப்பலகை கிடையாது, பதிவு கிடையாது, தலைவர் என்று தனியாக யாரும் கிடையாது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் யாராவது ஒருவர் தோட்டத்தில் கூடுவோம். அந்த வீட்டுக்காரர் கட்டன் சாயா போட்டுத் தருவார், மற்றவர்கள் மண்வெட்டியும் அரிவாளும் கொண்டு வருவார்கள். முதலில் வேலை, அப்புறம்தான் பேச்சு. பந்தல் போட வேண்டுமா, உரக்குழி வெட்ட வேண்டுமா, வாழைக்கன்று பிரித்து நட வேண்டுமா, எல்லாரும் சேர்ந்து செய்து முடிப்போம், செய்கிறபோதே புதிதாக வந்தவர்கள் கற்றுக்கொள்வார்கள். வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பியவர்கள், ரப்பர் பால் வெட்டுகிறவர்கள், முந்திரி ஆலைக்குப் போகும் பெண்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கல்லூரிப் பிள்ளைகள் எல்லாரும் உண்டு. ஒரு மாதம் சர்ச் பக்கத்து வீடு, அடுத்த மாதம் கோயில் தெரு, அதற்கடுத்து பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு தோட்டம். நம் மாவட்டத்தில் மூன்று மதத்தாரும் இப்படி ஒன்றாகக் கூடுவது சின்ன விஷயம் இல்லை என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும்.

வீடியோ பார்த்தே எல்லாம் கற்றுக்கொள்ளலாமே, குழு எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். வீடியோ போடுகிறவர்கள் நல்லெண்ணத்தோடுதான் போடுகிறார்கள், நானும் பார்க்கிறேன். ஆனால் அவர்கள் நிற்கிற மண் வேறு, அங்கே பெய்கிற மழை வேறு. நமக்கு ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழை, ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை என்று இரண்டு மழை. நாஞ்சில் நாட்டு வயல்களில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் விளைந்ததே இந்த இரண்டு மழையை நம்பித்தான். கல்குளம், விளவங்கோடு பக்கம் இருப்பது சரளை கலந்த செம்புறை மண், காலங்காலமாகப் பெய்த மழை சுண்ணாம்புச் சத்தைக் கழுவிக்கொண்டு போய்விட்ட, அமிலத்தன்மை கூடிய மண். தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கம் மழை குறைவு, காற்று அதிகம். கடலோரத்தில் மணல். பேருந்தில் ஒரு மணி நேரம் போனால் மண் மாறிவிடுகிற மாவட்டம் இது. கரிசல் காட்டில் நின்றுகொண்டு ஒருவர் சொல்கிற யோசனையை அப்படியே இங்கே கொண்டுவந்து செய்தால் பாதி சரியாக வராது, எந்தப் பாதி என்று சொல்ல இந்த மண்ணில் கை வைத்தவர்கள்தான் வேண்டும்.

தக்காளி, கத்தரியையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்தில் இவை பூத்துக் காய்க்கிற நேரத்தில், பச்சையாக நிற்கிற செடி திடீரென்று தலை தொங்கிப் போகும். இலையில் புள்ளி இருக்காது, மஞ்சள் அடித்திருக்காது, பூச்சியும் இருக்காது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து வீட்டில் இன்னும் இரண்டு குடம் ஊற்றுவார்கள், அந்தத் தண்ணீரோடு நோய் பக்கத்துச் செடிக்கும் போகும். எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற வேளாண் ஊழியர் ஒருவர் இருக்கிறார், அண்ணாச்சி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். அவர் ஒருநாள் அப்படி வாடிய செடியின் தண்டை அடியில் வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டுவாய் தண்ணீரில் படும்படி அசையாமல் பிடித்துக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் அதிலிருந்து வெள்ளையாக ஓர் இழை கீழே இறங்கியது. அது பாக்டீரியா வாடல் நோய். மண்ணில் இருக்கிற கிருமி வேர் வழியாக உள்ளே போய், தண்ணீர் ஏறுகிற குழாய்களை அடைத்துவிடுகிறது, அதனால்தான் ஈரத்தில் நின்றுகொண்டே செடி வாடுகிறது. வந்த பிறகு பஞ்சகவ்யமும் காப்பாற்றாது, எந்தக் கரைசலும் காப்பாற்றாது, வேரோடு எடுத்து எரித்துவிட வேண்டியதுதான்.

அப்படியானால் வராமல் தடுக்க என்ன செய்வது? முதலில் மண்ணைப் பரிசோதித்து, தேவைக்கு ஏற்றபடி சுண்ணாம்பு போட வேண்டும். போட்ட பிறகு இரண்டு வாரமாவது விட்டுத்தான் தொழுவுரம் இட வேண்டும், இரண்டையும் ஒன்றாகப் போட்டால் உரத்தில் இருக்கிற தழைச்சத்து காற்றோடு போய்விடும். பாத்தியை உயர்த்திக் கட்டி மழைத்தண்ணீர் நிற்காமல் வடியவிட வேண்டும். தக்காளி, கத்தரி, மிளகாய் எல்லாம் ஒரே குடும்பம், அதனால் ஒன்று நின்ற இடத்தில் அடுத்த தடவை மற்றதை வைக்காமல் பயறோ கீரையோ போட வேண்டும். இன்னொரு நல்ல வழியும் இருக்கிறது, வேலியோரத்தில் தானாக வளர்கிற சுண்டைக்காய்ச் செடியை அடிச்செடியாக வைத்து அதன்மேல் கத்தரியையோ தக்காளியையோ ஒட்டுக் கட்டுவது. சுண்டைக்காய் வேர் இந்த நோயைத் தாங்கும். பிளேடை எந்தச் சாய்வில் வைப்பது, தண்டு எவ்வளவு தடிமனாக இருக்கும்போது வெட்டுவது, ஒட்டிய பிறகு எத்தனை நாள் நிழலில் மூடி வைப்பது, இதையெல்லாம் படித்து மட்டும் யாரும் பழக முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக் காட்ட ஒருவர் வேண்டும். எங்கள் குழுவில் முந்திரி ஆலைக்குப் போகிற ஓர் அக்காவுக்கு இது அருமையாக வரும், அவர் கட்டிய ஒட்டுகள் தப்பாமல் பிடிக்கின்றன, இப்போது அவரிடம் கற்றுக்கொள்ளப் பக்கத்து ஊர்களிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள்.

குழு வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. பூச்சிக்கு மதில் தெரியாது. ரசாயனம் அடிக்கிறவர் தனியாளாக அடித்துக்கொள்ளலாம், அடிக்காமல் வளர்க்கிறவருக்குப் பக்கத்து வீட்டாரின் துணை வேண்டும். பாகலும் புடலையும் போட்டவர்களுக்குப் பழ ஈயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பிஞ்சில் முட்டையிடும், காய் கோணிப்போய் மஞ்சளித்து விழும், பிளந்தால் உள்ளே புழு. விழுந்த காயை அப்படியே விட்டால் அந்தப் புழு மண்ணுக்குள் இறங்கிக் கூடு கட்டி மறுபடி ஈயாக வெளியே வரும். என் தோட்டத்தில் விழுந்ததை எல்லாம் நான் பொறுக்கி வாளித் தண்ணீரில் அமுக்கி வைத்தாலும், அடுத்த விளையில் (தோட்டத்தில்) பத்துக் காய் அழுகிக் கிடந்தால் அங்கிருந்து வரும். ஆகவே ஒரே தெருவில் இருக்கிற குழுவினர் எல்லாரும் சேர்ந்து பொறுக்குகிறோம். பிஞ்சுக்குக் காகித உறை மாட்டுகிறோம். நன்றாகக் கனிந்த பாளையங்கோட்டான் பழத்தை வெல்லம் சேர்த்துப் பிசைந்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு, சிரட்டையில் ஊற்றிப் பந்தலில் தொங்கவிடுகிறோம். இப்போது பாகல் நல்ல காயாகவே சமையலுக்கு வருகிறது. துளசியை நசுக்கிப் போட்டு வைக்கலாமே என்று பலர் கேட்பார்கள். துளசி வாசத்துக்கு வருவது மாம்பழத்தைக் கெடுக்கிற பழ ஈ, பாகலில் உட்காருகிற ஈ வேறு வகை, அது துளசிக்கு வராது. இந்தச் சின்ன வித்தியாசம் தெரியாமல், இயற்கை முறை பலிக்கவில்லை என்று சொல்லிவிட்டு மருந்துக் கடைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும், எனக்கு வருத்தமாக இருக்கிறது.

தென்னையில் வருகிற சுருள் வெள்ளை ஈயும் அப்படித்தான். 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் தெரிந்தது, இப்போது நம் ஊரில் தென்னையோடு நிற்காமல் வாழையிலும் கொய்யாவிலும் வந்து உட்காருகிறது, அது ஒழுகவிடுகிற இனிப்புத் திரவத்தின்மேல் கரிப்பூசணம் படர்ந்து கீழே இருக்கிற செடியெல்லாம் கறுத்துப் போகிறது. இதற்குக் கடுமையான பூச்சிக்கொல்லி அடிக்க வேண்டாம் என்று வேளாண் ஆராய்ச்சியாளர்களே சொல்கிறார்கள். காரணம், இந்த ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு அதை அழிக்கிற என்கார்சியா என்ற மிகச் சின்னக் குளவி ஒன்று இருக்கிறது, மருந்து அடித்தால் முதலில் சாவது அதுதான். ஒரு வீட்டில் அடித்தால் சுற்றியுள்ள அத்தனை வீட்டுத் தென்னைக்கும் காவல் போய்விடும். மழைக்காலத்தில் வருகிற பெரிய ஆப்பிரிக்க நத்தைக்கும் இதே கதைதான். அந்தி நேரத்தில் ஈரச் சாக்கும் பப்பாளி இலையும் போட்டுக் கூட்டி, தெருவே சேர்ந்து பொறுக்கி உப்புத் தண்ணீரில் போட வேண்டும். கையுறை இல்லாமல் தொடக் கூடாது, குழந்தைகளை விடவே கூடாது, மூளையைப் பாதிக்கிற ஒட்டுண்ணி அதில் இருக்கலாம்.

விதைக்கு வருகிறேன். கடையில் வாங்குகிற வீரிய ரக விதையில் வந்த காயிலிருந்து விதை எடுத்துப் போட்டால் அடுத்த தடவை அதே மாதிரி வராது. நாட்டு விதை அப்படி இல்லை, பக்கத்தில் வேறு ரகத்தோடு கலக்காமல் பார்த்துக்கொண்டால் தலைமுறைக்கும் வரும். நீள வழுதலங்காய், குட்டைப் புடலை, வேலியில் ஏறுகிற சதுரப்பயறு, காந்தாரி மிளகாய், தடியங்காய் என்று நம் வீடுகளில் இருந்த விதைகள் பல இப்போது வயதானவர்கள் கையில் மட்டும்தான் இருக்கின்றன, அவர்கள் சாம்பலில் புரட்டிக் காயவைத்து டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார்கள், கேட்க ஆள் வந்தால் சந்தோஷமாகத் தருகிறார்கள். நெல் ஜெயராமன், 2018 டிசம்பரில் காலமானவர், பாரம்பரிய நெல்லைப் பரப்பிய முறை எங்களுக்கு மிகவும் பிடித்தது. 2 கிலோ விதைநெல் வாங்கிப் போகிறவர் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும், அது இன்னும் இரண்டு பேருக்குப் போகும். நாங்கள் காய்கறி விதையில் அதையே செய்கிறோம், ஒரு கைப்பிடி வாங்கினால் இரண்டு கைப்பிடி திருப்பித் தர வேண்டும். பணம் கிடையாது.

கிழங்கைப் பற்றிச் சொல்லாமல் நம் மாவட்டத்துத் தோட்டத்தைப் பற்றிப் பேசி முடிக்க முடியாது. மாடித்தோட்டப் பட்டியல்களில் கேரட், காலிஃபிளவர் எல்லாம் வருகின்றன, சேனையும் காச்சிலும் சேம்பும் சிறுகிழங்கும் கூவையும் வருவதே இல்லை. நம் மண்ணுக்கும் மழைக்கும் இவ்வளவு பொருத்தமான, மருந்தே கேட்காத பயிர் வேறு என்ன இருக்கிறது? 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் மரச்சீனியை (மரவள்ளிக்கிழங்கை) பரவச் செய்தார், இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது நம் முன்னோர் அந்தக் கிழங்கைத் தின்றுதான் பிழைத்தார்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது வாழை எல்லாம் சாய்ந்தது, ரப்பர் மரங்கள் முறிந்து கிடந்தன, மண்ணுக்குள் இருந்த கிழங்குக்கு ஒன்றும் ஆகவில்லை. எங்கள் குழுவில் மூத்தவரான பாட்டா ஒருவர் மாசி மாதக் கூட்டத்தில் சேனை நடக் கற்றுத் தருவார். "மக்களே, வெட்டுத துண்டு ஒவ்வொண்ணுலயும் நடுக்கண்ணுல ஒரு பங்கு இருக்கணும், இல்லேன்னா முளைக்காது கேட்டியா" என்று சொல்லிக்கொண்டே வெட்டுவார், வெட்டிய துண்டைச் சாணிப்பாலில் முக்கி நிழலில் உலர்த்தி, அப்புறம் குழியில் வைத்துச் சருகு போட்டு மூடுவார். பல்கலைக்கழகப் பாடத்திலும் இதுதான் இருக்கிறது என்று எங்கள் குழுவில் வேளாண்மை படிக்கிற மாணவி சொன்னாள். அந்த இருவரும் ஒரே குழியில் குனிந்து வேலை செய்வதைப் பார்க்கும்போது எனக்கு வருகிற மகிழ்ச்சியை எழுதத் தெரியவில்லை.

உரத்துக்கும் குழு உதவுகிறது. மேற்குப் பக்கத்தில் மாடு வளர்க்கிற வீடுகள் குறைந்துவிட்டன, ஒரு வீட்டுக்காகச் சாணி கொண்டுவர வண்டிக்காரர் வரமாட்டார், பத்து வீடு சேர்ந்தால் வருவார். நமக்குக் கடல் இருக்கிறது, குளச்சலிலும் சின்னமுட்டத்திலும் தேங்காய்ப்பட்டணத்திலும் மீன்கழிவுக்குப் பஞ்சமே இல்லை. தலை, குடல், செதில் எல்லாவற்றையும் அதே எடை வெல்லத்தோடு கலந்து இறுக மூடி நிழலில் வைத்தால், மூன்று நாலு வாரத்தில் தேன் நிறத்தில் மீன் அமிலம் வடியும், நாற்றம் இருக்காது. லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி போதும், கூடினால் இலை கருகும். கடலோரத்திலிருந்து எங்கள் கூட்டத்துக்கு வருகிற ஒரு சகோதரி இதைப் பெரிய பீப்பாயில் செய்து கொண்டுவருகிறார், நாங்கள் அவருக்குச் சருகும் மக்கிய உரமும் கொடுத்து அனுப்புகிறோம், மணலில் அதைப் போட்டுத்தான் அவர் கீரை எடுக்கிறார். கதம்பைத் தூளை, அதாவது தேங்காய் மட்டையின் நார்க்கழிவைப் பற்றியும் ஒரு வார்த்தை, பச்சையாக அப்படியே பையில் நிரப்பாதீர்கள், அதில் உப்பும் துவர்ப்பும் இருக்கும், பலமுறை தண்ணீரில் அலசி, முடிந்தால் மக்க வைத்துப் பயன்படுத்துங்கள்.

இயற்கை என்ற பெயரில் எல்லாமே நல்லது என்று நம்பவும் கூடாது. புகையிலையை ஊறவைத்துத் தெளிப்பது பழைய பழக்கம், இன்றும் பலர் சொல்லித் தருகிறார்கள். அதில் இருக்கிற நிக்கோட்டின் கடும் விஷம், தோல் வழியாகவே உடம்புக்குள் போகும், தேனீயையும் குளவியையும் சேர்த்துக் கொல்லும். எங்கள் குழுவில் இதைப் பற்றி வாக்குவாதம் நடந்தது, கடைசியில் கீரைக்கும் காய்க்கும் அதைத் தெளிப்பதில்லை என்று முடிவெடுத்தோம். வேப்பெண்ணெய்கூட லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து, தேனீ கூடு திரும்பிய சாயங்கால நேரத்தில்தான். மக்காத சாணியைக் கீரைப் பாத்தியில் போடுவதும் நல்லதல்ல, அதில் இருக்கிற கிருமி நேராக இலையில் ஏறும். இப்படி ஒருவர் சொன்னதை இன்னொருவர் கேள்வி கேட்கிற இடமாகக் குழு இருக்க வேண்டும். பாராட்டு மட்டும் நடக்கிற குழுவில் யாரும் எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

புதிதாகச் சேர நினைக்கிறவர்களுக்கு அதனால்தான் சொல்கிறேன், போனவுடனே பொருள் விற்கிற குழு என்றால் எச்சரிக்கையாக இருங்கள். முதல் நாளே இந்தக் குருணையை வாங்கு, அந்தப் புட்டியை வாங்கு என்று சொன்னால் அது கடை. என்னிடம்கூட ஒருவர் இயற்கை உரம் என்று சொல்லி நல்ல விலைக்கு ஒரு மூட்டை விற்றார், பிரித்துப் பார்த்தால் பாதி சாதாரண மண். சொல்லித் தருகிறவரின் தோட்டத்தைப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள், காட்டமாட்டேன் என்றால் வேறு இடம் பாருங்கள். போனில் மட்டும் நடக்கிற குழு போதாது, மாதத்துக்கு ஒரு தடவையாவது மண்ணில் கூடுகிற குழுவாக இருக்கட்டும். போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள், வீட்டில் இருக்கிற ஒரு முருங்கைக் கம்போ ஒரு பிடி பயறு விதையோ கொண்டுபோங்கள், தெரியாததைக் கூச்சமில்லாமல் கேளுங்கள். நிலம் இல்லை என்பதும் தடை இல்லை, எங்களோடு இருக்கிற இருவர் வாடகை வீட்டில் இருக்கிறார்கள், இடம் இருந்தும் உழைக்க முடியாத வயதானவர்களின் விளையில் வேலை செய்து காயைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள்.

இதனால் வீட்டுக்கு வேண்டிய காய்கறி முழுவதும் வந்துவிடுமா என்று கேட்டால், வராது. வெங்காயமும் உருளைக்கிழங்கும் சந்தையில்தான் வாங்க வேண்டும். ஆனால் தினமும் வாயில் போகிற சிலவற்றை நாம் மாற்ற முடியும். வெள்ளாயணியில் இருக்கிற கேரள வேளாண் பல்கலைக்கழக ஆய்வகம் சந்தைக் காய்கறிகளில் பூச்சிக்கொல்லி எச்சத்தைப் பரிசோதித்து அறிக்கை வெளியிடுகிறது, கறிவேப்பிலை, கொத்தமல்லி, புதினா ஆகியவற்றில் எச்சம் இருந்தது அதில் பலமுறை வந்திருக்கிறது. கறிவேப்பிலை இல்லாத சமையல் நம் வீட்டில் உண்டா? ஒரு கறிவேப்பிலை மரம், ஒரு முருங்கை, கொஞ்சம் பச்சைமிளகாய், இரண்டு பாத்தி கீரை, ஒரு பந்தல், நாலு சேனைக் குழி, இதைக் குழுவில் சேர்ந்த எந்த வீடும் செய்துவிடலாம், பிள்ளைகள் தட்டில் அவ்வளவு நஞ்சு குறையும். எனக்கு அது போதுமான காரணம்.

இனி கோரிக்கைகள். களியக்காவிளையைத் தாண்டினால் கேரளத்தில் பஞ்சாயத்துக்கு ஒரு கிருஷி பவன் என்ற வேளாண் அலுவலகம் இருக்கிறது, ஓணத்துக்கு ஒரு முறம் காய்கறி என்ற திட்டத்தில் வீடுகளுக்கு விதையும் நாற்றும் முன்கூட்டியே போகின்றன. நம்மிடமும் ஒன்றும் இல்லாமல் இல்லை. திருப்பதிசாரத்தில் வேளாண் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன, பேச்சிப்பாறையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, கன்னியாகுமரியில் அரசுப் பழத்தோட்டம் இருக்கிறது. விவேகானந்த கேந்திரத்தின் இயற்கை வள மேம்பாட்டுத் திட்டம் அசோலா என்ற நீர்ப்பெரணி வளர்ப்பு, சமையலறைக் கழிவு எரிவாயு முதலியவற்றில் பல காலமாகப் பயிற்சி கொடுக்கிறது. 2021-ல் முதலமைச்சரின் ஊட்டம் தரும் காய்கறித் தோட்டத் திட்டம் தொடங்கியது, 2023 மார்ச்சில் தமிழ்நாட்டுக்கு என்று அங்கக (இயற்கை) வேளாண்மைக் கொள்கையும் வந்தது. மானிய விலையில் பையும் விதையும் தருகிறார்கள், வரவேற்கிறேன். ஆனால் பை கொடுத்த பிறகு அந்த வீட்டுக்காரரைப் பக்கத்தில் உள்ள ஒரு குழுவோடு சேர்த்துவிடுகிற வேலையை யாரும் செய்வதில்லை. தோட்டக்கலைத் துறை விதைத்தளை (விதைப் பொட்டலம்) கொடுக்கும்போதே அந்தப் பகுதியில் எங்கே, எப்போது கூட்டம் நடக்கிறது என்று ஒரு சீட்டும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். நிலைய விஞ்ஞானிகள் மழை தொடங்குவதற்கு முன் ஒரு தடவையாவது குழுக் கூட்டங்களுக்கு வந்து மண்ணையும் செடியையும் பார்க்க வேண்டும். உள்ளாட்சிகள் மட்கும் குப்பையில் செய்கிற உரத்தைத் தரம் பார்த்துக் குழுக்களுக்குத் தரலாம், பள்ளி வளாகத்திலோ நூலகத்துக்குப் பின்னாலோ சும்மா கிடக்கிற இரண்டு சென்ட் இடத்தைப் பழகுவதற்கு விடலாம். மிச்சமாகிற காயை வடசேரி உழவர் சந்தையில் வைக்க ஓர் ஓரம் கிடைத்தாலும் நல்லது. நிலம் உள்ளவர்கள் 5 பேர் சேர்ந்தால் பி.ஜி.எஸ். என்ற பங்கேற்பு உத்தரவாத முறையில் ஒருவர் தோட்டத்தை மற்றவர் சோதித்து, இயற்கை விளைச்சல் என்று சான்று வாங்க முடியும் என்பதையும் அதிகாரிகள் ஊர் ஊராகச் சொல்ல வேண்டும்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். வீட்டுத்தோட்டப் பகுதியின் அடியில் நாலு வரி இடம் ஒதுக்கி, நம் மாவட்டத்தில் அந்த மாதம் எந்த ஊரில், எந்த நாளில் தோட்டக் குழு கூடுகிறது, யாரிடம் என்ன விதை மிச்சம் இருக்கிறது என்று வெளியிடுங்கள். திங்கள்நகரிலும் கருங்கல்லிலும் குலசேகரத்திலும் அஞ்சுகிராமத்திலும் ஆர்வமுள்ளவர்கள் ஒருவரை ஒருவர் தெரியாமல் இருக்கிறார்கள், பத்திரிகை ஒன்றுதான் எல்லா வீட்டுக்கும் போகிறது. குழுக்களின் விவரம் சேகரிக்க ஆள் வேண்டுமென்றால் எங்கள் குழுவில் உள்ள கல்லூரிப் பிள்ளைகள் வந்து செய்து தரத் தயாராக இருக்கிறார்கள். ஆடிப் பட்டத்துக்கு முன்னால் முதல் பட்டியல் வந்துவிட்டால் இந்த ஆண்டே பலர் விதை வாங்கிப் போட்டுவிடுவார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
கல்குளம் வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.